86 படி இறங்கி ஒருக்கா வந்து பாருங்க: கேஸ் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியில கேஸ் சப்ளை, குடோன் லைசென்ஸ், சேஃப்டி செக்கிங் எல்லாத்தையும் பாத்துக்குற அதிகாரிங்க எல்லாருக்கும் வணக்கம்ங்க.

யாரு எதுக்கு பொறுப்புன்னு பிரிச்சு எழுத எனக்கு தெரியல, ஒருத்தர கேட்டா இன்னொருத்தர கை காட்டுறீங்க, அதனால மொத்தமா எல்லாருக்கும் சேத்தே எழுதிடுறேன். மனு குடுத்த விவரம் உங்க ஃபைல்லயே இருக்கு, அத திரும்ப எழுதல. எங்க வீட்டுல சிலிண்டர் கசிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் என்ன நடந்துச்சுங்கறத மட்டும் சொல்றேன்.

எங்க வீடு கோத்தகிரி பக்கம், ரோட்டுல இருந்து 86 படி கீழ. சிலிண்டர் வண்டி ரோட்டு வளைவுலயே நின்னுடும். வண்டி வர்றதுக்கு முன்னாடியே போன் வந்துடும், "ஓடிபி சொல்லுங்க". சொன்னா சிலிண்டர் வீட்டுக்கு வந்து சேந்ததா கணக்கு. அப்புறம் நாமளே ஆள் புடிச்சு, இரும்போட சேத்து 30 கிலோ வர்ற அத தோள்ல வெச்சு இறக்கணும், அதுக்கு 80 ரூபா. பில்லுல ஹோம் டெலிவரின்னு தான் இருக்கு. எடை போட்டு காட்டணும், வால்வ செக் பண்ணிட்டு தான் குடுக்கணும்னு விதி இருக்குன்னு எங்களுக்கும் தெரியும்ங்க. ஆனா தராசு எப்படி இருக்கும்னு எங்க தெருவுல யாரும் இன்னும் பாக்கல.

அன்னிக்கு மழை, பயங்கர மிஸ்ட், குளிருக்கு ஜன்னல் எல்லாம் சாத்தியாச்சு. அம்மா புது சிலிண்டர மாட்டலாம்னு நைலான் கயித்த இழுத்து வெள்ளை மூடிய எடுத்தாங்க, உஸ்ஸுன்னு சத்தம். திரும்ப மூடிய போட்டு அழுத்தினா நிக்கணும் இல்லையா, நிக்கல, மூடியே விரிசல் விட்டு வெடிச்சு போன மூடி. அம்மாவுக்கு சளி வேற, அந்த வாடை மூக்குல ஏறவே இல்ல, நான் பக்கத்து ரூம்ல இருந்து ஓடி வந்து லைட் சுவிட்ச்ச தொடாதீங்கன்னு கத்திட்டு சிலிண்டர தூக்கி வாசலுக்கு வெளிய வெச்சேன். அப்பாடான்னு மூச்சு விட்ட அப்புறம் தான் ஒரைச்சுது. இது மலைங்க. சமவெளியில வெளிய தூக்கி வெச்சா காத்துல கலஞ்சு போயிரும்னு ஒரு தைரியம் இருக்கும், இங்க அன்னிக்கு காத்தே இல்ல, கேஸோ காத்த விட கனம், தண்ணி மாதிரி பள்ளத்த பாத்து தான் ஓடும். எங்க வாசலுக்கு கீழ 11 படியில இன்னொரு வீடு, அங்க அந்த அக்கா பேரனுக்கு வெந்நீர் வெக்க விறகு அடுப்ப மூட்டி நல்லா எரியுது.

வழுக்கி விழுந்து ஓடி, ஒரு குடம் தண்ணிய அப்படியே அடுப்புல ஊத்தினேன். அக்கா என்னை பைத்தியக்காரன்னு திட்டினாங்க, சாம்பல் பூரா வெந்நீர்ல. குழந்தை பயந்து அழுவுது. விஷயத்த சொன்னதும் அவங்க ஒண்ணும் பேசல, குழந்தைய தூக்கிட்டு மேல ரோட்டுக்கு நடந்தாங்க, மழையோட.

1906க்கு போன் போட்டேன், எடுத்தாங்க, பொறுப்பா தான் பேசினாங்க, லோக்கல் ஆள அனுப்புறோம்னாங்க. அந்த லோக்கல் ஆள் மறுநாள் மதியம் வந்தாரு. "மிஸ்ட் சார்".

பகல் வெளிச்சத்துல தான் அந்த சிலிண்டர சரியா பாத்தேன். தலை வளையத்த தாங்குற மூணு பட்டை இருக்குல்ல, அதுல ஒண்ணோட உள்பக்கம் பி-24ன்னு பெயிண்ட்ல இருந்துச்சு. ஏ, பி, சி, டின்னு வருஷத்த மூணு மூணு மாசமா பிரிச்சு எழுதறது, அப்படின்னா 2024 ஜூனோட டெஸ்ட் கெடு முடிஞ்ச சிலிண்டர். அது ஃபில்லிங் பிளான்ட் தாண்டி, குடோன் தாண்டி, லாரி ஏறி, மலை ஏறி எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் வந்திருக்கு. ஒருத்தர் கண்ணுலயும் படல.

அதோட முடியல. 5 வருஷத்துக்கு ஒருக்கா வீட்டுக்கே வந்து ஓஸ், ரெகுலேட்டர், அடுப்பு எல்லாம் பாக்கணும்ல, அந்த இன்ஸ்பெக்‌ஷன் எங்க வீட்டுல எப்பவோ முடிஞ்சு போச்சாம், பேப்பர்ல கையெழுத்து இருக்கு. இங்கிலீஷ் கிறுக்கல். எங்கம்மா தமிழ்ல தான் கையெழுத்து போடுவாங்க, அதுவும் ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி. ஆரஞ்சு ஓஸ்ல காலாவதி வருஷம் அச்சாகி இருக்கும், எங்களது முடிஞ்சு ரெண்டு வருஷம். யாருங்க வந்து பாத்தது? எந்த வீட்ட பாத்தாரு? கீழ இறங்கி வரணும்ங்க, அவ்ளோ தான் கேக்குறோம்.

குடோன வருஷா வருஷம் பாக்குறோம்னு சொல்லுவீங்க, நல்லது. 100 கிலோவுக்கு மேல கேஸ் வெச்சா லைசென்ஸ் வேணும்னு விதி. ஒரு சிலிண்டர் உள்ள 14.2 கிலோ கேஸ், 7 சிலிண்டர்னா 99.4 கிலோ, எட்டாவது வந்தாலே தாண்டிடுச்சு. எங்க வளைவுல வாரத்துக்கு ரெண்டு நாள் 30 சிலிண்டர இறக்கி ரோட்டோரமா அடுக்கி வெச்சுட்டு வண்டி அடுத்த ஊருக்கு போயிடுது, 426 கிலோ, பக்கத்துலயே பஜ்ஜி கடை. இதுக்கு எந்த லைசென்ஸ்? பஜ்ஜி கடைக்காரர குத்தம் சொல்ல முடியாது, ஜனவரி உறைபனியில சிலிண்டர்ல இருக்குற பியூட்டேன் ஆவியாகாம கேஸ் இறங்கலன்னா அவரும் சுடுதண்ணி அண்டாவுல சிலிண்டர உக்கார வெப்பாரு, அது எவ்ளோ ஆபத்துன்னு அவருக்கு யாராவது வந்து சொல்லியிருக்காங்களா.

மலை ஏறுற வழியில குஞ்சப்பனை செக்போஸ்ட்ல டூரிஸ்ட் கார நிறுத்தி சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டில கூட புடுங்கி வெக்கிறோம், ஈ-பாஸ் இருக்கான்னு ஸ்கேன் பண்றோம், வேணும்னு தான் நானும் சொல்றேன், நம்ம மலை. ஆனா அதே ரோட்டுல வெடிச்ச மூடியோட லோடு லாரி ஜம்முன்னு ஏறி வருது. பாட்டில் வெடிக்காதுங்க. மலர் கண்காட்சிக்கு ஊரையே கழுவி விடத் தெரியுற அரசாங்கத்துக்கு ரெண்டு சொட்டு தண்ணிய வால்வுல விட்டு குமிழி வருதான்னு பாக்க ஆள் இல்லையா?

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். பணிவா கேக்குறது இது தான். டெலிவரி அப்போ எடையும் வால்வும் எங்க முன்னாடி பாக்கணும், கெடு முடிஞ்ச சிலிண்டர் மலை ஏறவே கூடாது, வளைவுல அடுக்குறத நிறுத்தணும், பேப்பர்ல முடிஞ்ச இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் எங்க லைன்ல வீடு வீடா திரும்ப நடக்கணும். அதுக்கு யாராவது ஒருத்தர் கீழ இறங்கி வரணும்.

வர்றதுன்னா காலையில வாங்க சார். 86 படியிலயும் கைப்பிடி கிடையாது, மழைக்கு பாசி வேற, நல்ல ஷூ போட்டுக்கங்க. அம்மா டீ போட்டு குடுப்பாங்க. கொஞ்சம் நேரமாகும், அன்னிக்கு அப்புறம் அவங்க கேஸ் அடுப்ப தொடவே இல்ல, விறகுல தான் எல்லாம்.