முதல் ஆண்டில் காதுக்கும் நாவுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆறாம், ஏழாம் வகுப்புகளில் ஜெர்மன் அல்லது ஜப்பானிய மொழியைப் புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளை, முதல் ஆண்டிலேயே இலக்கண அட்டவணைகளை மனப்பாடம் செய்ய வைப்பது அவர்களின் ஆர்வத்தை முளையிலேயே கிள்ளிவிடுகிறது. ஜெர்மனின் 3 பால்களும் 4 வேற்றுமைகளும் பேசிப் பழகிய வாக்கியங்களின் வழியாகவே மனத்தில் நிற்கும். ஜப்பானிய மொழியிலோ, ஹிராகனா, கதகானா என்னும் இரு ஒலியெழுத்து முறைகளின் தலா 46 அடிப்படை எழுத்துகள் கைவசப்படும் முன்பே சீன வழி வந்த காஞ்சி எழுத்துகளைத் திணிப்பது பெரும் சுமை. தமிழைப் போலவே அங்கும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருவதால், அதன் வாக்கிய அமைப்பு தமிழ்ப் பிள்ளைகளுக்கு விரைவில் பிடிபடும். இந்தச் சாதகத்தை ஆசிரியர்கள் முதல் வகுப்பிலிருந்தே பயன்படுத்த வேண்டும். தொடக்க ஆண்டு மதிப்பெண்களில் பாதியையேனும் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் ஒதுக்குமாறு பாடத்திட்டம் வகுப்போரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மொழிக்கல்வியில் அக்கறை கொண்ட வாசகர்