என் மகனின் முன்பல்லைக் காப்பாற்றியவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

ஒன்றரை வருடத்துக்கு முன், பள்ளியில் கபடி ஆடும்போது விழுந்து என் மகனின் மேல் முன்பல் உடைந்தது. அப்போது அவனுக்கு எட்டு வயது. பால் பல் விழுந்து முளைத்து ஒரு வருடம்கூட ஆகாத பல். வாயில் ரத்தம் வடிய நின்றவனைத் தன் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போன உடற்கல்வி ஆசிரியருக்கு என் முதல் நன்றி.

அன்று பார்த்த இடத்தில் உடைந்த முனையை மட்டும் பூசி அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் பல் சாம்பல் நிறமானது. ஈறில் கடுகளவு கொப்புளம், அழுத்தினால் சீழ். பிடுங்கிவிடலாம் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டச் சொன்ன பக்கத்து வீட்டு அக்கா, நீங்கள் நல்லா இருக்கணும்.

அங்கே டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வேரின் சுவர் மெல்லிசு. நுனி மூடாமல் திறந்து கிடந்தது. பல் முளைத்த பிறகு வேர் முழுதாக வளர மூன்று வருடம் போல ஆகுமாம். அதற்குள் நரம்பு செத்துவிட்டதால் வளர்ச்சி நின்றுபோயிருந்தது. வழக்கமான ரூட் கேனாலில் வைக்கும் அடைப்பு நிற்க அங்கே மூடிய நுனியே இல்லை.

உள்ளே சுரண்டாமல், கிருமிநாசினியால் அலசி மருந்து வைத்தார்கள். மூன்று வாரத்தில் சீழ் வற்றியது. அப்புறம்தான் முக்கியமான வேலை. வேர்நுனிக்குச் சற்று அப்பால் ஊசியால் தொட்டு, வேண்டுமென்றே ரத்தம் கசியவிட்டார். அந்த ரத்தம் உறைந்தால், நுனியில் இருக்கும் ஸ்டெம் செல்கள் (வேறு திசுவாக மாறக்கூடிய மூல அணுக்கள்) அதைப் பற்றிக்கொண்டு புதுத் திசு வளருமாம். ரத்தம் தடைபடக் கூடாதென்று மரத்துப்போகும் ஊசியில்கூட, ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் மருந்தைக் கலக்கவில்லை. உறையக் கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் எண்ணிய பயிற்சி டாக்டர் தங்கச்சியை நான் மறக்க மாட்டேன். கடைசியில் எம்டிஏ என்ற பல் சிமெண்ட் வைத்து மூடினார்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் வேர் வளரும் என்று உறுதி கிடையாது என்பதை முதலிலேயே மறைக்காமல் சொன்னீர்கள் டாக்டர். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

ஒரு வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் நுனி குறுகியிருக்கிறது, சுவர் தடித்திருக்கிறது. பல் கொஞ்சம் மங்கல்தான், பரவாயில்லை. இரண்டு எக்ஸ்ரேயையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவனே விளக்குகிறான். ஜூனில் அடுத்த பரிசோதனைக்குக் கூட்டி வருகிறேன்.