பாப்பாவுக்கு, பரணிலிருந்து

தேன்கனிக்கோட்டை
மார்கழி 9, இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "வேலையில் இருக்கிறேன் அப்பா, பிறகு பேசுகிறேன்" என்று சொல்லிவிடுகிறாய். அந்தப் பிறகு இன்னும் வந்து சேரவில்லை. வீடியோவில் வா என்றால் சிக்னல் இல்லை என்கிறாய். சென்னையில் சிக்னல் இல்லை, இந்தக் காட்டோரத்தில் இருக்கிறது! நல்ல வேடிக்கை.

பரணில் உட்கார்ந்து எழுதுகிறேன். பன்னேர்கட்டா பக்கமிருந்து இறங்கிய யானைக் கூட்டம் நான்கு நாளாக ஏரிக்குப் பின்னால் நிற்கிறது. ராகி பாதி அறுத்தாயிற்று, பாதி நிற்கிறது. முந்தாநாள் சித்தப்பாவின் கொல்லையில் ஒற்றை ஆண் யானை நுழைந்து, தின்றது கால் பங்கு, மிதித்தது முக்கால் பங்கு. அதனால் தம்பியும் நானும் முறை வைத்துக் காவல் இருக்கிறோம். டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பனி என்று எண்ணிக்கொள், வயது என்று எண்ணாதே.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். நேற்றுப் பிதுக்குப் பருப்புக் குழம்பு. ஒவ்வொரு அவரைக்கொட்டையாகப் பிதுக்கும்போதும் உன் பேச்சுதான். ஆடிப் பதினெட்டுக்கு வருவாய் என்று அவள் காத்திருந்தாள், பிறகு தீபாவளிக்கு. இப்போது பொங்கல் என்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

பணம் வந்தது. ஆனி மாதம் அனுப்பிய 20,000ஐத்தான் சொல்கிறேன். எப்போதும் எட்டாயிரம் அனுப்புகிறவள் ஒரேயடியாக 20,000 அனுப்பினாய். அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. நான் பணத்தைக் கேட்கவில்லை பாப்பா, எனக்குப் பென்ஷன் வருகிறது. கணக்குப் பார்க்கிற பழக்கம், அவ்வளவுதான்.

தினமும் படுக்கும்போது காலுக்குக் கீழே தலையணை வைத்து முட்டியை உயர்த்திப் படு. சண்டைக் காட்சிக்கு ரோப் கட்டும்போது யார் கட்டினாலும் நீயே ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள். மாஸ்டர் அவசரப்படுத்தினாலும் இழுத்துப் பார்.

உன் டோனி ஜா படம் இன்னும் ராகிக் குதிரின்மேல் ஒட்டியபடியே இருக்கிறது. ஒரு மூலை பிய்ந்துவிட்டது. சுண்ணாம்பு அடிக்க வந்தவன் கிழிக்கப் போனான், அம்மா விடவில்லை. அவளுக்கு அவர் தாய்லாந்து ஜாக்கிசான். சண்டை போடுகிற எல்லோரும் அவளுக்கு ஜாக்கிசான்தான்.

நீ சென்னைக்குப் போகிறேன் என்று நின்ற அன்று அவரைத்தான் சாட்சிக்கு அழைத்தாய். சூரின் என்ற ஊரில் யானை வளர்க்கிற வீட்டில் 1976இல் பிறந்தவர். கோயில் திருவிழாவில் காட்டிய புரூஸ் லீ, ஜாக்கி சான் படங்களைப் பார்த்துவிட்டு அப்பாவின் நெல் வயலில் குதித்துப் பழகியவர். அவரால் முடிந்தது என்னால் முடியாதா என்றாய். அங்கே யானையை வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார்கள், நாம் தகரம் தட்டி விரட்டுகிறோம் என்றும் சொன்னாய். அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது, ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. போன மாதம் தம்பியை உட்காரவைத்து அவரைப் பற்றி இருப்பதையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நீ எனக்குச் சொன்னது பாதிக் கதை.

15 வயதில் அவர் பன்னா ரித்திக்ராய் என்கிற சண்டைப் பயிற்சியாளரிடம் சீடனாகச் சேர்ந்தார். அந்த மனிதர் பையனை நேராகக் கேமரா முன் தள்ளவில்லை. மகாசாரகாம் உடற்கல்விக் கல்லூரிக்குப் போய்ப் படி என்று அனுப்பினார். உடற்கல்வி, பாப்பா! நீ இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தாயே, அதே படிப்பு. குரு என்றால் அவர் குரு. பிறகு வருடக்கணக்கில் ஸ்டண்ட் வேலை. 1997இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தில் ராபின் ஷூ என்ற நடிகருக்கு டூப் போட்டிருக்கிறார். பெயர் அவருக்கு, அடி இவருக்கு. முவாய் போரான் என்கிற அந்த நாட்டுப் பழைய அடிமுறையை நான்கு வருடம் பழகி, தன்னால் என்னென்ன முடியும் என்று குருவும் சீடனுமாக ஒரு சின்னப் படம் எடுத்துக் காட்டி, அதைப் பார்த்துப் பிராச்யா பின்காவ் என்ற இயக்குநர் அசந்துபோய், கடைசியில் 'ஓங் பாக்' வந்தது 2003இல். அந்த வருடம் அவருக்கு 27 வயது. குருவிடம் போன நாளிலிருந்து எண்ணினால் 12 வருடம். நீ போய் மூன்று வருடம்தான் ஆகிறது. அவசரம் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். திரும்பி வா என்று சொல்லவில்லை.

வந்தாலும் தப்பில்லை. இப்போது சிலம்பத்துக்கும் அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பத்தைச் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்த்தார்கள். நான் கம்பு பிடித்த காலத்தில் திருவிழாவில் கோவணத்தோடு சுற்றுகிற வேலை என்று சிரித்தார்கள். காலையில் நம் களத்தில் பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள், அதில் நான்கு பெண்கள். ஒருத்தி உன்னைப் போலவே கம்பு சுற்றிக் காலடி வைத்து வீடு கட்டுகிறாள். உன்னைப் போல என்று சொல்லக் கூடாது, உன் காலடி யாருக்கும் வராது.

மறுபடி அவரிடம் வருகிறேன். 'ஓங் பாக்' படத்தில் கயிறு இல்லை, கம்ப்யூட்டர் வேலை இல்லை, எல்லாம் சொந்த உடம்பு என்று நீ பெருமை பேசுவாய். காலில் தீப்பிடித்தபடி உதைக்கிற காட்சி டிவியில் வந்தால் எழுந்து நின்றுவிடுவாய். அந்தத் தீ சட்டென்று மேலே ஏறி அவர் புருவமும் இமை மயிரும் மூக்கும் கருகியதை நீ சொல்லவில்லை. சரியாக வரவில்லை என்று அதற்குப் பிறகும் அதே காட்சியை எடுத்திருக்கிறார்கள், அதையும் சொல்லவில்லை. அந்தப் படப்பிடிப்பில் அவருக்கு ஜவ்வு அடிபட்டது, கணுக்கால் பிசகியது. இதெல்லாம் உனக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் என்றைக்கு என்ன சாப்பிட்டார் என்பது வரை தெரிந்தவள் நீ.

2008இல் தன் படத்தைத் தானே இயக்கப் போனபோது படப்பிடிப்பை விட்டு ஏறக்குறைய இரண்டு மாதம் காணாமல் போய்விட்டாராம். பிறகு டிவியில் வந்து கண்ணீர் விட்டார். 2010இல் சூரினுக்கே போய்த் துறவியானார். அப்புறம் அதையும் விட்டு வந்து 2015இல் பெரிய ஆங்கிலப் படத்தில் சண்டை போட்டார் என்பது வேறு. தம்பி இதைப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்: "அந்த இரண்டு மாதமும் அவன் அம்மா சாப்பிட்டிருப்பாளா?" தம்பி தொடர்ந்து படிக்கவில்லை. எனக்கும் அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொள். கொள்ளு வேகவைத்த தண்ணீரைக் கீழே கொட்டாதே, குடி.

ஓசூருக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்தோம், பாப்பா. தம்பியும் நானும் மட்டும். கூட்டத்தில் நிற்கிற வேலைதான் என்று நீ சொல்லியிருந்தாய். நானும் கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தேன். இடைவேளைக்குப் பிறகு அந்த நாயகி மாடியிலிருந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு கீழே விழுகிறாளே, அங்கே எனக்கு உட்கார முடியவில்லை. முகத்தைக் காட்டவில்லை, தலைமுடியும் உன்னுடையது இல்லை. ஆனால் மேசையில் பட்டுத் தரையில் உருண்டு எழும்போது இடது காலைத் தொங்கவிட்டு வலது காலை ஊன்றினாய். ஆயிரம் பேர் நடுவில் இருந்தாலும் அந்தக் காலடியை எனக்குத் தெரியாதா? தியேட்டரில் விசில் பறந்தது. "அக்காதானே?" என்று தம்பி கேட்டான். "இல்லை" என்றேன்.

அதற்கு அடுத்த காட்சியில் அதே உடையில் தெருவில் ஓடுகிற பெண் நீ இல்லை. உயரம் ஒன்றுதான், ஓட்டம் வேறு. நான் முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்தவன்.

பஸ்ஸில் திரும்பும்போது ஆனி, ஆடி, ஆவணி என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.

கோபமாக எழுதத்தான் காகிதம் எடுத்தேன். பெற்றவர்களிடம் மறைக்கிற அளவுக்கு என்ன வந்துவிட்டது என்று கேட்க நினைத்தேன். கேட்க எனக்கு வாய் இல்லை. நீ ஒன்பதாவது படிக்கும்போது சேலத்துப் போட்டியில் அரையிறுதியில் உன் முட்டி திரும்பியது. நீ கீழே உட்கார்ந்து என்னைப் பார்த்தாய். அழவில்லை. நான் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டி, "முகத்தில் காட்டாதே, காட்டினால் நடுவர் நிறுத்திவிடுவார்" என்றேன். இறுதிச் சுற்றும் ஆடினாய். தங்கம் வாங்கினாய். அம்மாவிடம் பஸ் படியில் வழுக்கிவிட்டது என்று நான்தான் சொன்னேன், நீ என் பக்கத்தில் நின்று தலையாட்டினாய். அந்தப் போட்டிக்குப் பயிற்சியாளர் என்று என் பெயர் பேப்பரில் வந்தது. உன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, என் பெயர் சரியாக இருந்தது. அந்தத் துண்டு இன்னும் என் டைரியில் இருக்கிறது.

டாக்டர் ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் நல்லது என்றார். உனக்கு நான் சொன்னது, "கட்டுப் போட்டால் போதுமாம்." அந்தப் பணத்தில் போர் போட்டேன். 800 அடிக்குப் போயும் புகைதான் வந்தது. வேண்டுமென்றே செய்யவில்லை, அந்த வருடம் மழை இல்லை, மா மரமெல்லாம் காய்ந்தது என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மரங்களும் பிழைக்கவில்லை.

வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது, நான் எப்படிக் கேட்பேன்?

வெள்ளிக்கிழமை தம்பியின் நண்பன் சென்னைக்கு வருகிறான். இந்தக் கடிதமும் பையும் அவனிடம் வரும். ராகி மாவு, கொள்ளு, ஒரு பாட்டில் முறிவெண்ணெய். ஆபரேஷன் என்று யாராவது சொல்லியிருந்தால் செலவை யோசிக்காதே. மேல்கொல்லையை விலைக்குக் கேட்டிருக்கிறார்கள், சித்தப்பாவிடமும் பேசிவிட்டேன். இதில் நீ பேச ஒன்றும் இல்லை.

அவன் வந்து போன அன்று இரவு என்னைக் கூப்பிடு. வீடியோவில் கூப்பிடு. போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டுக் கதவு வரை நடந்துபோய்த் திரும்பி வா. முகத்தைக் காட்ட வேண்டாம். அந்த முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பழக்கியவன் நான், அதை நான் நம்ப மாட்டேன். காலைக் காட்டு.

கீழே தகரம் தட்டுகிறார்கள். ஏரிப் பக்கம் ஏதோ முறிகிற சத்தம் கேட்கிறது. இறங்கிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

எண்ணெய்ப் பாட்டிலின் மூடி சரியில்லை, துணி சுற்றி வைத்திருக்கிறேன். பையைப் படுக்க வைக்காதே. அம்மாவிடம் ராகி விலையைப் பற்றி உனக்கு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் அப்படியே சொல்.