ராசுவுக்கு: இனி 9 மணிக்குக் கூப்பிடாதே

ஈசூன், சிங்கப்பூர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள ராசு,

நீ ஏழு தடவை கூப்பிட்டதையும் பார்த்தேன். எடுக்கவில்லை. வேலை இருந்தது என்று பொய் சொல்லலாம். ஆனால் நாற்பது வருடத்தில் உன்னிடம் நான் சொன்ன பொய் ஒன்றுகூட ஒரு வாரம் தாங்கியதில்லை. எடுத்தால் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் நீ நடுவில் பாய்வாய். நீ பாய்ந்த பிறகு நான் எங்கே பேசுவது? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் உன் குரல் கேட்காது என்பது ஒரு பெரிய வசதி.

இங்கே எல்லாரும் நலம். சாந்திக்கு முழங்கால் வலி தேவலை. உன் வீட்டிலிருந்து தங்கச்சி கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது, பாதியை உன் மகன் பிரபுவுக்குக் கொடுத்துவிட்டேன். வடக்கு வீதி மனைக் கேஸ் என்ன ஆயிற்று? கோபால் வாத்தியாரின் பல்செட் சமாச்சாரம் மணி மூலமாக வந்தது. பஸ்ஸில் நினைத்து நினைத்துச் சிரித்ததில், பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிரபு அறையைக் காலி செய்ய வேண்டிய நிலைமை வந்தது. பதறாதே, வந்தது, போய்விட்டது. பையன் மேல் ஒரு குறையும் இல்லை. ஒன்றாம் தேதி வாடகை கொடுக்கிறான், குளியலறையைக் கழுவி விடுகிறான், குடி கிடையாது. குற்றவாளி நீதான்.

உனக்கு இரவு 9 மணி என்றால் எங்களுக்கு 11:30. இரண்டரை மணி நேர வித்தியாசம் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீயே விளக்குகிறாய். ஆனால் ஷட்டரை இறக்கி, நாலு தோசை சாப்பிட்டு, தங்கச்சியின் சீரியல் முடிந்து நீ போனைக் கையில் எடுக்கும்போது மட்டும் அந்தக் கணக்கு எங்கோ போய்விடுகிறது. அதுவும் வீடியோ கால். அதுவும் உன் குரலில். ஸ்போர்ட்ஸ் டே அன்று மைக் பழுதாகி ஹெட்மாஸ்டர் உன்னை மேடையில் ஏற்றியது நினைவிருக்கிறதா? நம் மன்னார்குடி ஹரித்ரா நதிக் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையில் போகிறவனைக் கூப்பிட்டு நிறுத்துகிற தொண்டைடா அது. அதை ஜூரோங் வெஸ்டில் ஒரு நாலறை வீட்டுக்குள் (கூடத்தையும் சேர்த்துத்தான் நாலு) இரவு 11:30 மணிக்குத் திறந்துவிட்டால் என்ன ஆகும்?

அந்த வீட்டில் ஓர் அறையில் வீட்டுக்கார ஆன்ட்டி. சீனர், எழுபது வயதிருக்கும். மற்ற இரண்டு அறைகளிலும் பையன்கள் நாலு பேர். ஆன்ட்டிக்கு மார்க்கெட்டில் கீரைக் கடை. விடிகாலை 3 மணிக்கு எழுந்து போகிறவர், இரவு எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவார். அவர் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பிரபுவின் கட்டில். நீ “டேய், சாப்பிட்டியாடா?” என்று கேட்பது நேராக அவர் காதில்தான் விழுகிறது.

முதல் மாதம் ஆன்ட்டி ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் அதுதான் ஆபத்து. நம் தெருவாக இருந்தால் இரண்டாவது நாளே ஜன்னலைத் திறந்து, “யாருடா அது, மனுசன் தூங்க வேண்டாமா?” என்று நாலு கத்து கத்தியிருப்பார்கள். அதோடு முடிந்துபோகும். இங்கே வாயே திறக்க மாட்டார்கள். பிறகு ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருந்ததாம். கடிகாரப் படம், சின்ன முள் பத்தில். பக்கத்தில் ஒரு வாய், அதன் மேல் பெருக்கல் குறி. பையன்கள் நாலு பேரும் அதன் முன்னால் நின்று ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டார்களாம். யாரைச் சொல்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

இரவு 10 மணியிலிருந்து காலை 8 வரை இங்கே அமைதி நேரம். முன்பு 10:30 முதல் 7 வரை என்றிருந்தது. 2022-இல் இதற்கென்றே ஒரு குழு போட்டு, ஊராரைக் கேட்டு, நேரத்தைக் கூட்டச் சொன்னார்கள். பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக, அதாவது அரசாங்க வீட்டு வாரியத்தின் அடுக்குமாடியில் இருக்கிற ஊர். ஒருவன் தலைக்கு மேல் இன்னொருவன் பாதம். நீ உடனே, “சத்தம் போட்டா பிரம்படியா?” என்பாய். இல்லையப்பா. அமைதி நேரம் என்பது சட்டம்கூட அல்ல, நடந்துகொள்ள வேண்டிய முறை, அவ்வளவுதான். மீறினால் முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச வேண்டும். பேச்சு எடுபடாவிட்டால் சமரசம் செய்துவைக்க நிலையம் இருக்கிறது. அதுவும் ஆகாவிட்டால் அக்கம்பக்கத்துத் தகராறுக்கென்றே 2015-இலிருந்து ஒரு தீர்ப்பாயம். இந்த ஜூனிலிருந்து தெம்பனிஸ் வட்டாரத்தில் மோசமான சத்தத் தகராறுகளை விசாரிக்கத் தனி அதிகாரிகளையும் போட்டுப் பார்க்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்றால், வாய் திறக்காத ஊரில் உள்ளுக்குள் எவ்வளவு புழுங்குகிறது என்று பார்த்துக்கொள்.

நானும் யோக்கியன் இல்லை. 2003-இல் அம்மாவை இங்கே கூட்டி வந்திருந்தேன் அல்லவா? கிரைண்டரையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டுதான் வந்தார். காலை ஐந்து மணிக்கு அதைத் தரையில் வைத்து மாவு ஆட்டுவார். கல் சுற்றுவது கான்கிரீட் வழியாக அப்படியே கீழே இறங்கும். இரண்டு நாள் கழித்துக் கீழ்வீட்டுக்காரர், துணி காயப்போடுகிற மூங்கில் கழியால் தன் கூரையை இடிக்க ஆரம்பித்தார். டொக், டொக், டொக். அம்மா காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, “கீழ் வீட்டுலயும் ஏதோ இடிக்கிறாங்க போல, பாவம், உரல்லயே இடிக்கிறாங்க” என்றார். ஒரு வாரம் இவர் ஆட்ட, அவர் இடிக்க, கச்சேரி நடந்தது. எனக்கு விஷயம் புரிந்ததும் வெட்கமாகப் போய்விட்டது. கிரைண்டருக்கு அடியில் பழைய ரஜாயை நாலாக மடித்துப் போட்டு, ஆட்டுகிற நேரத்தைச் சாயந்திரத்துக்கு மாற்றினேன். அம்மாவுக்கு அதில் கடைசிவரை மனக்குறைதான். “சாயங்காலம் ஆட்டுனா மாவு புளிக்குமாடா?” என்பார். இந்த ஊர் வெக்கைக்குப் புளிக்காமல் என்ன, நன்றாகவே புளித்தது.

சத்தமே ஆகாத ஊர் என்றும் நினைத்துவிடாதே. பகலில் எவனாவது வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று சுவரை உடைத்துக்கொண்டேதான் இருப்பான். உடைக்கலாம், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 5 வரை. இப்போது சீனர்களுக்கு ஏழாம் மாதம், ஆவிகள் வருகிற மாதம். திடலில் கூடாரம் போட்டு கெத்தாய் நடத்துகிறார்கள், பாட்டும் ஆட்டமுமாக. ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் உன் கடை பீரோ அளவு. முதல் வரிசை நாற்காலி அத்தனையும் காலியாக இருக்கும், ஆவிகளுக்காம். நம் ஆன்ட்டி இரண்டாவது வரிசை. உன் குரலைத் தாங்காதவர் அங்கே ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார்ந்து கைதட்டுகிறார். ஆனால் 10:30 அடித்தால் மேடை அடங்கிவிடும். தைப்பூசத்தைத்தான் எடுத்துக்கொள். ஊர்வலச் சாலையில் 1973-இலிருந்து மேளம் கூடாது என்றிருந்தது. 2016-இல்தான் வழியில் மூன்று இடங்களில் வாசிக்கலாம் என்று விட்டார்கள். அந்த வருடம் ஓர் இடத்தில் மேளம் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பிரபுவிடம் வருகிறேன்.

அந்தத் தாளைப் பார்த்த அன்றே பையன் உன்னிடம், “அப்பா, இந்த நேரத்துல கூப்பிடாதீங்க” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன் அழைப்பு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போயிருக்கிறான். அங்கே சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை இருக்கும், பகலில் கிழவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாலு பக்கமும் திறந்த இடம்தான், ஆனால் மேலே கூரை. சத்தம் அங்கே பட்டு எதிரொலித்து இரட்டிப்பாகும். இவன் குசுகுசுவென்று பேச, நீ, “கேக்கலடா, சத்தமாப் பேசு!” என்று கத்த, இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. மறுநாள் முதல் பையன் பஸ் நிறுத்தத்துக்கு மாறிவிட்டான்.

போன மாதம் ஊறுகாய் கொடுக்கப் போனபோது அங்கேதான் அவனைப் பார்த்தேன். ஓவர்டைம் முடிந்து நான் போய்ச் சேரவே இரவு 11:40 ஆகிவிட்டது. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை, காலில் ஸ்லிப்பர். மடியில் ஒரு ரொட்டிப் பொட்டலம், பிரிக்கவில்லை. போனை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்திருந்தான், விளக்கு வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி. நான் பின்னால் நிற்பது தெரியாது. நீ கேட்கிறாய்: “சாப்பிட்டியாடா?” இவன்: “சாப்பிட்டேம்பா.” “என்ன சாப்பிட்ட?” “சோறு, சாம்பார், முட்டை.” “எங்கடா இருக்க, பஸ் சத்தம் கேக்குது?” “ஜன்னல் தொறந்திருக்குப்பா.”

ராசு, அவன் காலை 5:30க்கு எழ வேண்டும். நீ பேசி முடித்து, தங்கச்சி பேசி முடித்து, பாட்டி போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு வீடியோவில் உங்களுக்கெல்லாம் தன் காதைக் காட்டி முடிக்கும்போது மணி 12:15. என்னைப் பார்த்ததும், “சித்தப்பா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, கஷ்டப்படுவாரு” என்றான். நாள் முழுக்க அப்பா பேசுகிற ஒரே நேரம் அதுதானாம், மற்றபடி கடை, கல்லா என்று இருப்பாராம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ரொட்டியைப் பிரித்துக் கொடுத்துச் சாப்பிடச் சொன்னேன்.

இவ்வளவு பாடுபட்டும் அது வேறு விதமாகத் திரும்பிக்கொண்டது. இங்கே எல்லா வீட்டுக்கும் வாசலில் ஓர் இரும்புக் கம்பிக்கதவு உண்டு. பையன் நள்ளிரவு தாண்டித் திரும்பி வந்து அதைத் திறந்தால் ஒரு கிரீச், மூடினால் ஒரு டங். ஆன்ட்டி மூன்று மணிக்கு எழ வேண்டியவர், பன்னிரண்டரைக்கு விழித்துக்கொண்டால் அதோடு தூக்கம் போயிற்று. முன்பாவது உன் குரல் அரை மணியில் ஓய்ந்தது. அடுத்த வாரம் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பேசப் போனேன், இரட்டைப்படையில்தான் கொடுக்க வேண்டும். எனக்குச் சீனம் வராது, அவருக்குத் தமிழ் வராது. இருவருக்கும் சந்தையில் பேசுகிற பசார் மலாய் கொஞ்சம் வரும். சத்தம், தூக்கம், கதவு என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினோம். பேசப் பேசத்தான் தெரிந்தது, ஆன்ட்டிக்குப் பையன் மேல் கோபமே இல்லை. பரிதாபம். “பாப்பா டியா ஹரி ஹரி மாரா” என்றார். அவன் அப்பா தினமும் அவனைத் திட்டுகிறார் என்று அர்த்தம். இரண்டு மாதமாக உன் பாசத்தை அவர் திட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தாரடா! பையன் தப்பு ஏதும் செய்துவிட்டானா, வீட்டுக்கு ஒழுங்காகப் பணம் அனுப்பவில்லையா என்று என்னையே விசாரித்தார். இல்லை ஆன்ட்டி, சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறார் என்றேன். நம்பவில்லை. அரை மணி நேரமா அதைக் கேட்பார் என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

கடைசியில் இப்படி முடிவாகியிருக்கிறது. வார நாளில் உனக்கு மாலை 6:30, இவனுக்கு 9. அதற்குள் வேலை முடிந்து வந்து குளித்துவிடுவான். கடையில் வியாபார நேரம் என்று முனகாதே. கால் மணி நேரம் கடைப் பையனைக் கல்லாவில் உட்கார வை, கடை ஒன்றும் ஓடிப்போகாது. ஆன்ட்டி அப்போது படுத்திருப்பார், அதனால் பிரபு காதில் இயர்போன் மாட்டிக்கொள்வான். உன் குரலுக்கு இயர்போன் தாங்குமா தெரியாது, இரண்டாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கம்பிக்கதவுக்கு நானே போய் எண்ணெய் போட்டு, மோதுகிற இடத்தில் ரப்பர் ஒட்டிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி மதியம் 1 மணி வரை கடையில் இருப்பார், அதாவது உனக்கு 10:30 வரை. அன்றைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கத்து. பாட்டியின் காதையும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளட்டும்.

பிரபுவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. நேரத்தை நீயாகவே மாற்றிக்கொண்ட மாதிரி பேசு. ராத்திரி கண் சொக்குகிறது, டாக்டர் சீக்கிரம் படுக்கச் சொன்னார் என்று ஏதாவது சொல். உனக்குப் பொய் வராது, தங்கச்சியைச் சொல்லச் சொல்.

சாந்தி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். மனைக் கேஸைப் பற்றி மறக்காமல் எழுது.

உன்
செல்வம்

பி.கு.: ஒன்றை விட்டுவிட்டேன். ஆன்ட்டிக்குப் பிரபுவின் பெயர் இன்னும் வாயில் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் கேட்ட பெயரையே வைத்துக்கொண்டார். கடையில் கீரைக் கட்டு மிஞ்சினால் அவன் அறைக் கதவைத் தட்டி “டேய், டேய்” என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கொடுக்கிறார். பையனும் திருத்தவில்லை.