ஜாக்சனிலிருந்து அக்காவுக்கு

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் எழுதுகிறேன். நான் சுகம். இங்கே நல்ல குளிர். ஹீட்டர் போட்டால் தொண்டை வறண்டுபோகிறது என்று போடுவதில்லை, ரெண்டு ஸ்வெட்டர் போதும். சனி, ஞாயிறும் டூட்டி கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் சும்மா இருந்து என்ன செய்ய?

பக்கத்து வீட்டுக் கறுப்பின ஆச்சி ரிட்டயர்டு டீச்சர். வெண்டைக்காயைச் சோளமாவில் புரட்டிப் பொரித்துத் தருவார். அது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல் காலத்தில் வந்த காயாம். பதிலுக்கு நம்ம புளிக்குழம்பு கொடுத்தேன். ஒரு வாய் வைத்தார், செம்புத் தண்ணீரும் காலி.

அவர் தந்த நாவல்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ராபர்ட் ஜோன்ஸ் ஜூனியர் எழுதி 2021-ல் வந்த 'தி ப்ராஃபெட்ஸ்'. நான் இருக்கிற இதே மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பருத்திப் பண்ணை. ஏசாயா, சாமுவேல் என்று ரெண்டு அடிமைப் பையன்கள். தொழுவத்தில்தான் வேலை, அங்கேயே படுக்கை, ஒருவன்மேல் ஒருவனுக்கு உயிர். மற்ற ஜனங்களுக்குத் தெரியும், கண்டுகொள்வதில்லை. முதலாளிக்குத்தான் கணக்கு உதைக்கிறது. 1808-க்குப் பிறகு வெளியிலிருந்து அடிமைகளை இறக்கச் சட்டம் விடவில்லை. அடிமைத் தாய் பெறுகிற பிள்ளை எஜமானுக்குச் சொத்து. இவர்களால் அவனுக்குப் பிள்ளை லாபம் இல்லை. ஆமோஸ் என்கிற இன்னொரு அடிமை, தன் துணைவியை முதலாளியிடமிருந்து காப்பாற்றுவதற்காகப் பிரசங்கியாராகிறான். அவன் வேதம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் ஜனங்களுக்கு அந்தத் தொழுவம் பாவமாகத் தெரிகிறது. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் சங்கடம். தோரணை அப்படியே நம்ம அப்பா.

கோயில் அசன விருந்து எப்படி நடந்தது? யார் யார் வந்தார்கள், யார் பரிமாறினார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுது. கோயில் மணி கேட்டதுபோல ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

தானியேலுக்குக் கல்யாண ஓலை எழுதக் கொடுக்கப்போகிறார்களாமே. வேண்டாம் அக்கா. மதுரையில் அவனோடு இருக்கிற பையன் யாரென்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொன்னால் அமெரிக்கா கெடுத்துவிட்டது என்பார் அப்பா. நீ சொல்லு. அந்த நாசரேத்துப் பெண்ணுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறதல்லவா?

சீட்டுப் பணம் இந்த மாதம் கொஞ்சம் பிந்தும், பேங்கில் ஏதோ தாமதம். அத்தானிடம் சொல்லாதே. மேலத் தோட்டப் பத்திரத்தில் தானியேல் பேரை எடுக்க அப்பா கையெழுத்துக் கேட்டால், நான் வருகிறவரை போடாதே.

உன் தங்கை
கிரேஸ்