தண்ணீர் ஊற்றுவதற்கு முன்

மோல்மீன்,
ஆவணி 14

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, புதிதல்ல. மழை இன்னும் விடவில்லை. பட்டறையில் மரமெல்லாம் ஊறிக் கிடக்கிறது. இழைப்புளி ஓட்டினால் சீவல் சுருளாமல் பிய்ந்து பிய்ந்து வருகிறது. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். சரி, அது கிடக்கட்டும்.

கடல்மீன் தொட்டிக்கு நீ செய்த மர ஸ்டாண்டின் போட்டோவைப் பார்த்தேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். மீன்தொட்டியில் இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை என்றால் ஊற்றாதே. ஊற்றிவிட்டாய் என்றால் ஒரு டியூபைப் போட்டு இப்போதே இறக்கிவிடு. மீதியை அப்புறம் படி.

போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் நீ "சரிப்பா, சரிப்பா, அம்மாகிட்டக் குடுங்க" என்பாய், அதற்குள் லைனும் அறுந்துவிடும். கோயில் கணக்குப்பிள்ளையின் மகள் நாளை ரங்கூன் வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். கீழே நின்று கூப்பிடுவாள். மாடியிலிருந்து கயிற்றை விட்டுக் கிளிப்பில் மாட்டி இழுத்துக்கொள். நீ இறங்க வேண்டாம்.

போட்டோவில் முதலில் என் கண்ணில் பட்டது கால்கள். நாலும் நேராக நிற்கின்றன. மூலைமட்டம் வைத்துத்தான் செய்திருக்கிறாய் என்று பார்த்தாலே தெரிகிறது. மேல் பலகையின் விளிம்பை உப்புத்தாள் போட்டு உருட்டியிருக்கிறாய். அவ்வளவு பொறுமை உன் வயதில் எனக்கு இல்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் போனைக் கொடுத்துப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். "மகன் செஞ்சதா மாமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். இரண்டு தடவை சொன்னேன் என்று அம்மா கேலி செய்கிறாள்.

பெரிதாக்கியதில்தான் அதைப் பார்த்தேன். மேல் சட்டத்தைக் காலின் உள்பக்கத்தில் ஒட்டிவைத்து, ஒரு மூலைக்கு இரண்டு ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறாய். சட்டத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. நாலு மூலையிலும் அப்படித்தான். கால் தன்பாட்டுக்கு நிற்கிறது, சட்டம் ஸ்க்ரூவில் தொங்குகிறது.

தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றாயாம். கணக்குப் போட்டேன். விளிம்பு வரை ஊற்றினால் 190 லிட்டர். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். கண்ணாடி 10 மில்லிமீட்டர் கனம் என்றால் அது மட்டும் 40 கிலோவுக்கு மேல். மண், கல் எல்லாம் போட்டால் ஏறக்குறைய 170 வீசை, 280 கிலோவுக்குக் கிட்ட. ஆறு மூட்டை அரிசியை எட்டு ஸ்க்ரூவில் தொங்கவிடுவாயா? முழுப் பாரத்தோடு, அதுவும் ராப்பகலாக? ஸ்க்ரூவின் வேலை மரத்தை நகராமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். பாரத்தை மரம்தான் தாங்க வேண்டும். மரத்தின் மேல் மரம் உட்கார வேண்டும்.

அதுவும் உப்புத் தண்ணீர். தொட்டி விளிம்பில் தெறித்துத் தெறித்து வெள்ளையாகப் பூக்கும், அது வழிந்து ஸ்க்ரூவின் தலையில் இறங்கும். சாதா இரும்பு எத்தனை நாளைக்கு? துருப்பிடிக்காத எஃகில் வாங்கு. பிளைவுட்டுக்கு உள்ளும் புறமும் இரண்டு கோட் வார்னிஷ் அடி, அறுத்த விளிம்பை மறந்துவிடாதே, தண்ணீர் உறிஞ்சுவது அங்கேதான்.

அப்புறம் நிலநடுக்கம். 2025 மார்ச் 28 அன்று நடுப்பகலில் உன் கட்டிடம் ஆடியபோது பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் ஓடி இறங்கினாய். மாந்தளைப் பக்கம் 7.7, அங்கே நடந்தது எல்லோருக்கும் தெரியும். உன் ஸ்டாண்டில் கோணச்சட்டம் ஒன்றுகூட இல்லை. பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரு சட்டம் அடி, சுவரோடு இரண்டு இடத்தில் பிடித்துக் கட்டு. சுவரை ஒட்டித்தான் வை, அறை நடுவில் வைக்காதே. பாப்பா தொட்டியின் விளிம்பைப் பிடித்துத் தொங்கத்தான் செய்வாள். அந்த வயது. அதனால்தான் சொல்கிறேன், தண்ணீர் ஊற்றாதே.

கடல் மீன் என்றதும் அம்மா "உப்பு நாங்க அனுப்பட்டுமா?" என்று கேட்டாளாம், நீ சிரித்தாயாம். அவள் கேட்டதில் தப்பில்லை, ஆனால் அந்த உப்பு ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஒரு சீசன் உப்பளத்தில் மதகுப்பலகை செய்திருக்கிறேன். முதல் பாத்திகளில் சுண்ணாம்பு மாதிரி ஒன்று அடியில் படிந்துவிடும். அதற்கப்புறம்தான் உப்பு விளையும். கடைசியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டுவிடுவார்கள். நாம் சாப்பிடுவது நடுவில் கிடைத்தது. கடலில் இருக்கிற மற்றதெல்லாம் முன்னாலும் பின்னாலும் போய்விட்டது. மீனுக்கு அது எல்லாமும் வேண்டும் போலிருக்கிறது, அதனால் தொட்டிக்கென்று விற்கிற உப்பையே வாங்கு, லிட்டருக்கு 35 கிராம். செட்சே கடற்கரையிலிருந்து கேனில் கடல் தண்ணீர் கொண்டுவரலாமா என்று நானும் யோசித்தேன். நம் பக்கத்துக் கடல் சேறு. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் முழங்கால் தெரியாது. மழைக்காலத்தில் சல்வீன் ஆறு வந்து விழுகிறபோது சரியாக உப்புக் கரிக்கக்கூடச் செய்யாது. அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

தொட்டியில் தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று நீ சொன்னது அம்மாவுக்குப் புரியவே இல்லை. குழம்பு வற்றினால் நீ மறுபடி உப்புப் போடுவாயா, வெந்நீர்தானே விடுவாய் என்றேன். பிடித்துக்கொண்டாள்.

கரண்டுக்கு என்ன செய்யப் போகிறாய்? அங்கே எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது என்று நீயே சொல்கிறாய். தண்ணீர் ஓடாவிட்டால் மீனுக்கு மூச்சு முட்டும்; உப்புத் தண்ணீரில், அதுவும் இந்தச் சூட்டில், காற்று கரைவது குறைவு. கல்லில் குடியிருந்து அழுக்கைத் தின்கிற கிருமிகளும் செத்துவிடுமாம். பேட்டரியில் ஓடுகிற காற்று பம்பு ஒன்று முதலில் வாங்கு, மீன் அப்புறம். கீழே இன்னொரு தொட்டி வைத்துத் தண்ணீர் சுற்றவிடுவதாக இருந்தால் அதில் மேலே காலியிடம் விடு. கரண்ட் போனதும் மேல் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கீழே இறங்கும், இடமில்லை என்றால் மூன்றாம் மாடிக்காரர் தலையில்தான் விழும். மீன் விட நாலு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் என்றாயாமே, தண்ணீர் பழுக்க. அந்த ஆறு வாரத்தையாவது ஸ்டாண்டுக்குக் கொடு.

வீட்டுக்குள்ளேயே இருக்க உனக்கு ஒரு வேலை கிடைத்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். தை வந்தால் உனக்கு 35. அதற்கடுத்த தையும் வந்துவிட வேண்டும் என்று அவள் வெள்ளிக்கிழமை தோறும் முருகனுக்கு விளக்குப் போடுகிறாள். எதற்கென்று நான் எழுதப் போவதில்லை, நீயும் எழுத வேண்டாம். உப்பு, பம்பு, கல் வாங்க மருமகள் போகட்டும். சாயங்காலம் ஆனால் கீழே இறங்காதே. டீக்கடைக்கும்தான்.

இன்னொன்று எழுத வேண்டும். நேற்று எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அந்தப் போட்டோவில் உன் இடது கையைத் தொட்டி மேல் வைத்திருக்கிறாய். முழங்கை மடங்கியே இருக்கிறது.

பையனிடம் போனைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஒன்று யோசித்தேன். சட்டத்தைக் காலின் பக்கத்தில் ஒட்டிவைத்து அடிக்கிற வேலையை இவன் எங்கே கற்றான் என்று. என்னிடம்தான் கற்றாய். 2003, ஆற்றுக்குப் பாலம் வராத காலம். மேட்டுக்குத் தண்ணீர் ஏறாமல், கொல்லையில் இரண்டு டிரம் தூக்கி வைக்க ஸ்டாண்ட் செய்தேனே, அப்போது ஆணி எடுத்துக் கொடுத்தவன் நீ. உனக்கு 12 வயது. கால் பைங்காடோ, இரும்பு மாதிரி மரம். அதில் காடி, அதாவது பள்ளம், வெட்டிச் சட்டத்தை உட்கார வைக்க இரண்டு நாள் வேண்டும். எனக்கு இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை விடியற்காலை படகேறி அக்கரைக்கு, மார்த்தபான் வேலைக்குப் போக வேண்டும். காடி வெட்டவில்லை. பக்கத்தில் ஒட்டிவைத்து 5 அங்குல ஆணி அடித்தேன். "அப்பா, இது போதுமா?" என்று நீ கேட்டாய். போதும் என்றேன்.

இரண்டு மாதம் நின்றது. அம்மா தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி நீ ஏறினாய். சாயங்காலம் நான் படகிலிருந்து இறங்கி வந்தபோது தெருவே நம் வீட்டில் நின்றது. கையைத் துணியில் கட்டித் திண்ணையில் உட்கார்ந்திருந்தாய். நான் கேட்ட முதல் கேள்வி, "உன்னை யார்டா ஏறச் சொன்னது?" எல்லோர் எதிரிலும் கேட்டேன். நீ அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ராத்திரி டார்ச்சோடு கொல்லைக்குப் போனேன். கால் நாலும் அப்படியே நின்றன, ஒரு கீறல் இல்லை. ஆணிகள் தூண்டில்முள் மாதிரி வளைந்து தொங்கின. ஒன்றில் மரத்துகள் இன்னும் ஒட்டியிருந்தது. இரண்டு டிரம்மும் நிறைந்தால் 245 வீசை. நீ 18 வீசை இருப்பாய். நீ ஏறாவிட்டாலும் அது அந்த வாரம் விழுந்திருக்கும். அது எனக்கு அந்த ராத்திரியே தெரியும். ஆணிகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் படகில் போகும்போது ஆற்றில் போட்டேன்.

அப்புறம் காடி வெட்டிப் புது ஸ்டாண்ட் செய்தேன். இதில் யானையே ஏறலாம், என் மகன் மட்டும் ஏறக்கூடாது என்று சொல்லிச் சிரித்தேன், எல்லோரும் சிரித்தார்கள். உன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடமும் அதையே சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டு இலையில் எதையோ ஒதுக்கினாய். அந்த விபத்துக்கு அப்புறம் நீ பட்டறைப் பக்கம் வரவில்லை. அவனுக்குக் கைவேலை வராது என்று ஊரெல்லாம் நான்தான் சொல்லி வைத்தேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது, தன் பேச்சைக் கேட்டு நீ ஏறியதால்தான் என்று அவள் தனியாக வருந்திக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நானே சொல்கிறேன். இந்த வாரம் சொல்கிறேன்.

தப்பு என்னுடையது தம்பி.

ஸ்டாண்டைப் பிரிக்க வேண்டாம், அடித்தது வீணாகாது. நாலு மூலையிலும், மேல் சட்டத்தின் அடியில் முட்டுகிற மாதிரி தரையிலிருந்து ஒரு முட்டுக்கால் கொடு. அதைப் பழைய காலோடு சேர்த்து முடுக்கிவிடு. பட்டறையில் பழைய பைங்காடோ இருந்தது, நாலு கால் அறுத்து வைத்திருக்கிறேன். சட்டத்துக்கு அடியில் 30 அங்குலம் என்று அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். நான் 31 விட்டிருக்கிறேன். முதலில் ரசமட்டம் வைத்து ஸ்டாண்டைச் சமமாக்கு. பழைய கட்டிடம், தரை சமமாக இருக்காது, அதனால் ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாக அளந்து, அந்தந்தக் காலில் நம்பர் எழுதி அறு. அறுக்க நேரமாகும், பல்லைக் கடித்துக்கொள். துளை போடாமல் ஸ்க்ரூ முடுக்காதே, அந்த மரத்தில் ஸ்க்ரூ ஒடிந்துவிடும். எல்லாம் முடிந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றி மூன்று நாள் வை. தினமும் ரசமட்டம் வைத்துப் பார். நகரவில்லை என்றால் அப்புறம் உப்பு.

மரம் சனிக்கிழமை பகல் காரில் போட்டுவிடுகிறேன், சாக்கில் சுற்றி, வெளியே உன் பெயர் இல்லாமல் மருமகள் பெயர் எழுதி. அவுங் மிங்கலா பஸ் நிலையத்தில் அவளும் அவள் அம்மாவும் போய் எடுத்து டாக்சியில் கொண்டுவரட்டும். நாலு காலையும் ஒன்றாகக் கட்டிக் கயிற்றில் ஏற்றிவிடலாம், கனம்தான், ஆனால் ஏறும். நீ மேலேயே நின்று இழு.

அப்பா