கூடுதல் துப்பாக்கிகளைக் கைமாற்றத் தெளிவான நடைமுறை கோரி மனு

அனுப்புநர்
உரிமம் பெற்ற துப்பாக்கி விற்பனையாளர்கள் மற்றும் துப்பாக்கி உரிமதாரர்கள்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: ஆயுதச் சட்டத் திருத்தம், 2019 – கூடுதல் துப்பாக்கிகளை விற்பதிலும் வாரிசுக்கு மாற்றுவதிலும் உள்ள தடைகள் – உரிமம் வழங்கும் அலுவலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டித்தது. இவற்றை ஏற்கிறோம். சட்டத்தை மாற்றுவது மத்திய அரசின் கையில் உள்ளது. அதை நாங்கள் கேட்கவில்லை. இந்த வரம்புக்கு மேலான கூடுதல் துப்பாக்கி சட்டப்படி வேறொருவர் கைக்குப் போகும் வழி அலுவலக நடைமுறையில் நின்றுபோகிறது. அதைச் சரிசெய்யவே வேண்டுகிறோம்.

மூன்றாவது துப்பாக்கியை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும், அதன்பின் 90 நாளில் அது உரிமத்திலிருந்து நீக்கப்படும் என்றது திருத்தம். உரிமப் புத்தகத்தில் துப்பாக்கியின் எண்ணை அடித்துவிட்டுக் கையொப்பமிட்டால் மட்டும் நீக்கம் முடிவதில்லை. தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்திலும் உரிமதாரரின் தனி அடையாள எண்ணின் கீழ் அதை நீக்க வேண்டும். கணினியில் விட்டுப்போனால் துப்பாக்கி பழைய பெயரிலேயே நிற்கும். வாங்க வருபவரிடம் முறையான உரிமம் இருந்தும் விற்பனையாளர் அதைக் கொடுக்க இயலாது.

காத்திருக்கும் காலத்தில் துப்பாக்கியும் கெடுகிறது. எண்ணெய் போடாத குழலின் உட்புறம் துருப்பிடித்துக் குழி விழ ஒரு மழைக்காலம் போதும். துப்பாக்கியின் மரக்கட்டை ஊறி விரிசல் விடும். காகித உறைத் தோட்டாக்கள் ஈரம் குடித்து உப்பிவிட்டால் துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் நுழையாது. அவற்றைச் சுடுவது ஆபத்து. ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி, ஒப்படைத்த பொருளை உரிய கெடுவுக்குள் திரும்பப் பெறாமலோ விற்காமலோ விட்டால் அரசுடைமையாகிவிடும். அலுவலகத் தாமதத்தால் கெடு கடந்தவர்களுக்கு அந்தத் தண்டனை நேரக்கூடாது.

உரிமதாரர் ஒருவர் இன்னொரு உரிமதாரருக்கு நேரடியாக விற்பதற்கு 5ஆவது பிரிவு இடம் தருகிறது. மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அலுவலருக்கோ எழுத்து மூலம் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் தகராறு வருகிறது. தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு கிடைக்காவிட்டால் விற்றவர், வாங்கியவர் இருவருமே சட்டமீறல் குற்றச்சாட்டுக்கு ஆளாகலாம். தகவல் கொடுத்த அன்றே முத்திரையுடன் ஒப்புகை தரப்பட வேண்டும்.

வாரிசு மாற்றத்தில் குழப்பம் இன்னும் பெரிது. ஆயுத விதிகள் 2016, உரிமதாரர் உயிருடன் இருக்கும்போதே, அவருக்கு 70 வயது நிறைந்தாலோ துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்ற அனுமதிக்கின்றன. இதை அறியாத அலுவலகம் இறப்புச் சான்று கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பிவிடுகிறது. வாரிசிடம் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி இருந்தால் மூன்றாவது கிடைக்காது என்பது சரியே. ஒன்றுதான் இருக்கிறது என்றால் மறுக்கக் காரணமில்லை.

பயிர்க் காவலுக்காகத் தலைமுறையாக வைத்திருக்கும் குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகள் பலவற்றில் தயாரிப்பாளர் பெயரோ எண்ணோ கிடையாது. அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்கவோ மாற்றவோ 8ஆவது பிரிவு தடை செய்கிறது. ஆகவே, உரிமத்தில் முறையாகப் பதிவாகியும் விற்க வழியில்லாமல் சிறு விவசாயிகள் தவிக்கிறார்கள். மாவட்ட ஆயுதப்படையின் ஆயுதப் பழுதுபார்ப்பாளர்களைக் கொண்டு வட்டந்தோறும் முகாம் நடத்தி, அங்கீகரிக்கப்பட்ட எண்ணைப் பொறித்து உரிமத்திலும் கணினியிலும் ஒரே நாளில் ஏற்றித் தர வேண்டுகிறோம். எங்கள் கோரிக்கைகளில் மிக அவசரமானது இதுவே.

காவல்துறை அறிக்கை உரிய காலத்தில் வராவிட்டால், அதற்காகக் காத்திராமல் உத்தரவிட உரிமம் வழங்கும் அலுவலருக்கு 13ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. குற்றப் பின்னணி ஐயம் இல்லாத, வெறும் பெயர் மாற்ற விண்ணப்பங்களிலாவது இதைப் பயன்படுத்த அறிவுறுத்த வேண்டும்.

மேற்கண்டவற்றைத் தெளிவுபடுத்தும் சுற்றறிக்கையை மாவட்ட ஆட்சியர்களுக்கும் மாநகரக் காவல் ஆணையர்களுக்கும் அனுப்பி, அதன் நகலை எங்களுக்கும் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
துப்பாக்கி விற்பனையாளர்கள், உரிமதாரர்கள்

இடம்: கோயம்புத்தூர்